கோவிந்தன் வண்டிக்கு ஒரு குரல்

போன வாரம் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குடத்துக்கு வசனம் திருத்திக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். குடத்துக்கு மட்டும் இல்லை... முறம், துடைப்பம், டிபன் பாக்ஸ், வாளி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இத்தனை வருடம் பத்தி எழுதிக் கிடைக்காத மரியாதை அந்த ஒரு நிமிட வசனத்தால் கிடைத்தது. அதே வசனத்தால் மானமும் போனது. இரண்டையும் இந்த வாரமே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆட்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருக்கோடியில் மஞ்சுளாம்மா குடும்பம் இருக்கிறது. மஞ்சுளா அவர்களுடைய மகள். கல்யாணமாகி மணலூர்பேட்டையில் இருக்கிறாள். மஞ்சுளாம்மாவின் கணவர் பெயர் கோவிந்தன். இருவரும் ஒரு காலத்தில் கரும்பு வெட்டப் போனவர்கள். இப்போது சொந்தமாக ஒரு குட்டி லோடு வண்டி. கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும் விற்கிறார்கள்.

வண்டி ஓட்டுவது கோவிந்தன். மற்றதெல்லாம் மஞ்சுளாம்மா. மற்றதெல்லாம் என்றால்... சரக்கு எடுப்பது, விலை சொல்வது, பேரம் பேசுகிறவர்களை முறைப்பது, பேரம் முடிந்ததும் சிரிப்பது, கையில் காசில்லை என்பவர்களிடம் புளியோ சாமையோ கடுக்காயோ வாங்கிக்கொண்டு குடத்தைக் கொடுப்பது! கோவிந்தன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். கீழே கையெழுத்துப் போட இடமும் மிச்சமிருக்கும்.

வண்டியின் தலையில் ஒரு குழாய் ஸ்பீக்கர் உண்டு. அதில் ஓடுவது கடையில் விற்கிற மெமரி கார்டு குரல். உங்கள் தெருவிலும் கேட்டிருப்பீர்கள். "வாங்கம்மா வாங்க..." என்று மூக்கால் பேசும் ஓர் ஆண் குரல். யார் அவர்? எந்த ஊர்? சாப்பிட்டாரா? யாருக்கும் தெரியாது. ஊரில் பாதி வண்டிகளுக்கு அவர்தான் வாய்.

அந்த வாயால்தான் வந்தது வம்பு.

மலையில் வீடுகள் நம் தெரு மாதிரி வரிசையாக இருக்காது. மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் ஒன்று. வண்டி ரோட்டில்தான் நிற்கும். மேலே களை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள், ஸ்பீக்கர் சத்தம் கேட்டதும் கூட இருக்கும் பிள்ளைகளைக் காசு கொடுத்துக் கீழே விரட்டுவார்கள். "கோயிந்தன் வண்டி வந்துடுச்சி, ஓடு!" அவ்வளவுதான். வண்டியை அவர்கள் பார்ப்பதேயில்லை. காதுதான் கண்.

இப்போது புதிதாக இன்னொரு வண்டி மலை ஏற ஆரம்பித்திருக்கிறது. மஞ்சுளாம்மா போகும் அதே ஊர்கள். அவர் போவதற்கு முந்தின நாள். அதே மூக்குக் குரல்! கோவிந்தன் வண்டிதான் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகளும் ஓடி வந்து வாங்கிவிடுகிறார்கள். அந்தக் குடம் தண்ணீரைப் பார்த்ததும் விரிசல் விடுகிறது. மறுநாள் மஞ்சுளாம்மா போய் இறங்கினால், ரோட்டோரத்தில் பஞ்சாயத்து தயாராக இருக்கிறது.

"நான் விக்காத கொடத்துக்கு நான் திட்டு வாங்கிகினு வரேண்ணா" என்றார் ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்று. "ஒண்ணு ரெண்டு பேருக்கு சும்மாவே மாத்திக் குடுத்துட்டேன். எத்தினி பேருக்குக் குடுக்கறது? இப்படியே போச்சின்னா மலையில என்ன ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அப்புறம் வண்டிய வித்துட்டு மறுபடியும் கரும்பு வெட்டத்தான் போவணும்."

கரும்புக் கொல்லையில் இருந்து அந்த வண்டி வரைக்கும் வந்து சேர்வதற்கு அவர்கள் பட்ட பாடு எங்கள் தெருவுக்கே தெரியும்.

"என் கொரலயே பதிஞ்சி வண்டியில போட்டுட்டா, அது எங்க வண்டின்னு மலையில கண்ண மூடிகினுகூட சொல்லிடுவாங்க. உங்களுக்கு ஸ்டுடியோலாம் தெரியுமாமே?"

தெரியுமாவா!

தொடர்ந்து படிக்கும் உங்களுக்கு நினைவிருக்கலாம். இந்தப் பத்தியை ஆடியோவாகப் போடுகிறேன் பேர்வழி என்று சில மாதம் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்தவன் நான். அதைத் தொடர்ந்து கேட்டது என் மைத்துனர் ஒருவர் மட்டும்தான். அவரும் தூக்கம் வராத பிரச்சினைக்காகக் கேட்டார். ஆனாலும் அனுபவம் அனுபவம்தானே? மைக் எது, மிக்ஸர் எது, எந்த ஸ்டுடியோவில் டீ நன்றாக இருக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

"கவலைப்படாதீங்க. தேவை என்ன, பட்ஜெட் என்ன... ரெண்டையும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன். டாக்டர் மாதிரி ஒரு தோரணை வந்திருந்தது.

"தேவை என் கொரலு. பட்ஜெட்டு கம்மி" என்றார் மஞ்சுளாம்மா.

அன்றே உட்கார்ந்து வசனம் எழுதினேன். எழுத்தாளன் சும்மா இருப்பானா? 'கோவிந்தன் வண்டி! கோவிந்தன் வண்டி! உடையாத குடம், ஒழுகாத வாளி, கோவிந்தன் வண்டி வந்தாச்சு! குரலைக் கேட்டு வாங்குங்க, கோவிந்தன் வண்டியில் வாங்குங்க!' மலையில் அந்த வண்டிக்கு அதுதானே பெயர்? அதைத் திரும்பத் திரும்ப அடித்தால்தான் மனதில் நிற்கும். விளம்பரத்தின் பாலபாடம்.

படித்துக் காட்டினேன். மஞ்சுளாம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முந்தானை நுனியை முறுக்கினார்.

"எப்படி?"

"நல்லாத்தாங்கீதுண்ணா..." என்று இழுத்தார்.

என் எழுத்தில் கரைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

முதல் ஸ்டுடியோ கள்ளக்குறிச்சியிலேயே. கண்ணாடி அறை, குளுகுளு ஏசி, சுவர் முழுக்கப் பஞ்சு. உள்ளே போனால் நம் மூச்சு நமக்கே கேட்கும். நடத்துகிறவர் ஓர் இளைஞர். 'வார்ம் டோன்', 'கிளீன் வாய்ஸ்' என்று அவர் பேசுவதைக் கேட்டாலே நமக்குப் பாட வந்துவிடும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போன மஞ்சுளாம்மா, ஒரு மூலையில் ஒடுங்கி நின்றார். மலையில் இந்தக் கொண்டை ஊசி வளைவில் நின்று கூப்பிட்டால் அடுத்த வளைவில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் குரல் அவருடையது. அந்தக் குரல் ஏசியில் சுருங்கி, ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது.

"ம்... வண்டி. ம்... வண்டி. உடையாத குடம்..."

இளைஞர் நெற்றியைச் சுருக்கினார். "அக்கா, ஃபர்ஸ்ட் வேர்டு கட் ஆவுதுக்கா."

மறுபடி. "ம்... வண்டி!"

கேபிளைப் பிடுங்கி மாட்டினார். மைக்கை மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டார். குடம் வந்தது, வாளி வந்தது, 'வந்தாச்சு'கூடக் கணீரென்று வந்தது. முதல் வார்த்தை மட்டும் வரவேயில்லை.

"சார், இந்த மாதிரி பிராப்ளம் நான் பாத்ததே இல்ல சார்" என்றார் பாவம். புது மைக். அதற்கு வாரண்டி இருக்கிறதா என்று டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் கிளம்பினோம்.

எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. பிரச்சினை ஏசி! கண்ணாடி அறை! நம் ஜனங்களுக்கு அதெல்லாம் ஒத்துவராது. மனிதர்கள் பழகிய இடத்தில்தான் குரல் வரும். ஸ்டுடியோ மாற்ற வேண்டும்.

அடுத்தது திருக்கோவிலூர். அம்மன் பாட்டு பதிவதில் பெயர் வாங்கியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். நெற்றி நிறையக் குங்குமம், அறை நிறைய சாம்பிராணிப் புகை, ஆளுயரத்துக்கு அம்மன் படம். மஞ்சுளாம்மா பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆஹா, இதுதான் இடம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இங்கே குரல் நன்றாகவே வந்தது. ஆனால் முதல் வார்த்தை? இங்கும் இல்லை. அந்த இடம் வந்ததும் கண்ணை மூடுகிறார், எச்சில் விழுங்குகிறார், பிறகு "வண்டி!" என்கிறார்.

ஸ்டுடியோக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? அந்த எடத்துல ஒரு கேப் வுடறாங்க பாருங்க... அதான் சார் ஃபீலு! சொல்லிக்குடுத்தாலும் வராது."

அந்த கேப்பில் அவர் உடுக்கையை வைத்துவிட்டார். எங்களைக் கேட்கவேயில்லை. கீழே எக்கோ வேறு. போட்டுக் காட்டினார். டுடுடுடும்... "வண்டீ... ண்டீ... ண்டீ!" டுடுடுடும்... "உடையாத குடம்... டம்... டம்!" எனக்கே கை தானாகக் கூப்பிக்கொண்டது. இதைப் போட்டுக்கொண்டு மலை ஏறினால் குடம் வாங்கவா வருவார்கள்? கற்பூரத்தோடு வந்து குறி கேட்பார்கள்!

"இது இன்னாண்ணா, என்ன சாமியாடியா ஆக்கிட்டாரு?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டார் மஞ்சுளாம்மா. சிரித்தார். ஆனால் சிரிப்பு சீக்கிரமே நின்றது. ஜன்னலைப் பார்த்தபடி, "வர வாரம் மலையேறணும். அந்த வண்டி இந்நேரம் போய்க்கினு இருக்கும்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நிபுணர் என்று கூட்டிக்கொண்டு வந்து, ஆளை இரண்டு ஊர் சுற்ற வைத்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். மைக்கைச் சொன்னேன். ஏசியைச் சொன்னேன். எக்கோவைச் சொன்னேன். அடுத்து விழுப்புரத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோ பார்க்கலாமா என்று யோசிப்பதையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"வசனம் எழுதினது யாரு?"

"நான்தான்" என்றேன். பெருமையாகத்தான்.

"அதுல மொத வார்த்தை என்ன?"

"கோவிந்தன்."

"மஞ்சுளாம்மா வீட்டுக்காரர் பேரு என்ன?"

"கோவி..." பாதியில் நிறுத்தினேன்.

"கட்டின புருஷன் பேரை வாயால சொல்லுன்னு ஊர் ஊரா இழுத்துக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க. அதுவும் ஒரு தரமா? எத்தனை கோவிந்தன் எழுதினீங்க?"

எண்ணிப் பார்க்கத் தெம்பில்லை.

"புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயில்ல எல்லாரும் கோவிந்தா கோவிந்தான்னு கத்துவோம். அவங்க மட்டும் 'பெருமாளே... பெருமாளே'ன்னுவாங்க. பக்கத்துல நிக்கிறவ நான். உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

இந்தக் காலத்திலுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மஞ்சுளாம்மா செல்போனில் பணம் வாங்குகிறார், அனுப்புகிறார். சேலத்து மொத்த வியாபாரியை வீடியோ கால் போட்டுத் திட்டுகிறார். மேட்டில் வண்டி திணறினால் 'கியர மாத்து' என்று கணவரை அதட்டுகிறார். அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். பயமா? பயப்படுகிற ஆள் இல்லை. மரியாதையா? அது இருக்கும். ஆனால் முக்கியமாக, கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயருக்கு அவர் வாயில் இடமே இல்லை. அதற்கு நான் ஸ்டுடியோவை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் போய், "முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க ஆசையா எழுதிகினு வந்தீங்க. எப்படிண்ணா வோணான்றது?" என்றார்.

மூன்றாவது ஸ்டுடியோவுக்குக் கோவிந்தனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வண்டியிலேயே கிளம்பினோம்.

இந்த ஸ்டுடியோ சங்கராபுரத்தில். செல்போன் கடைக்குப் பின்னால் ஓர் அறை. சுவரில் பழைய மெத்தைகள் தொங்கின. ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல், அதற்கு வெளியே பஸ் சத்தம். பஸ் போகும்போதெல்லாம் ஸ்டுடியோக்காரர் கையைத் தூக்குவார். எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். பஸ் போனதும் கையை இறக்குவார். திருவிழா அறிவிப்பு, கடை திறப்பு, துக்கச் செய்தி என்று ஆட்டோ விளம்பரங்களுக்கு அவரே குரலும் கொடுப்பார். துக்கச் செய்தி நிறையப் படித்ததாலோ என்னவோ, ஜவுளிக் கடைத் தள்ளுபடியைக்கூட நெஞ்சை அடைக்கிற மாதிரிதான் சொல்வார்.

பட்ஜெட்டுக்குப் பொருத்தம். ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்துவிட்டு ரோட்டைப் பார்த்துக் கத்தச் சொன்னார். மஞ்சுளாம்மா கத்தினார் பாருங்கள்... "உடையாத கொடம்! ஒழுகாத வாளி!" ரோட்டில் போன ஒரு பெண் சைக்கிளை நிறுத்திவிட்டு, "குடம் எங்க கீது?" என்று கேட்டார். ஸ்டுடியோக்காரருக்கு மகிழ்ச்சி. சோகமாகச் சொன்னார்: "ரொம்ப நல்லாருக்குங்க."

இனிப் பெயர் மட்டும்தான் பாக்கி. என் திட்டம் எளிமையானது. அந்த ஒரு வார்த்தையைக் கோவிந்தன் சொல்லட்டும், மிச்சத்தை மஞ்சுளாம்மா சொல்லட்டும். வெட்டி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரை உள்ளே அழைத்தோம். மஞ்சுளாம்மாவின் தலையில் ஒரு ஹெட்போன் இருந்தது. அவரைப் பக்கத்துத் தடுப்புக்கு அப்பால் உட்கார வைத்தோம். கோவிந்தனை மைக் முன்னால் நிறுத்தி, "உங்க பேரைச் சொல்லி, வண்டின்னு சொல்லுங்க" என்றேன்.

கோவிந்தன் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் பேர நானே கூவிகினு ஊரு ஊரா போவணுமா? நான் இன்னா எலெக்சன்லயாங்க நிக்கிறேன்?"

அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான். அதோடு நிற்கவும் இல்லை.

"யாவாரம் பண்றது அது. நான் ஸ்டேரிங் புடிக்கிறவன். திட்டு வாங்கிகினு நிக்கிறதும் அதுதான். அது பேர வையுங்க. அதான் மொற."

தடுப்புக்கு அப்பால் நாற்காலி கிறீச்சிட்டது.

நல்ல யோசனை! எனக்கு ஏன் தோன்றவில்லை? "மஞ்சுளாம்மா, உங்க பேரைச் சொல்லி 'வண்டி'ன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"ஐய... என் பேர நானே கத்திகினு போனா, பித்து புடிச்சிகிச்சின்னுவாங்கண்ணா. நான் மாட்டேன்."

ஆக, நிலவரம் இதுதான். இந்தக் கோவிந்தன் பெயரை அந்த அம்மா சொல்லக் கூடாது. இவர் பெயரை இவரே சொல்ல மாட்டார். அவர் பெயரை அவரும் சொல்ல மாட்டார். மிச்சம் ஒரே வழி. அவர் பெயரை இவர் சொல்ல வேண்டும். அதற்கு எந்த ஊரிலும் தடை இல்லையே?

"சரிங்க, நீங்களே சொல்லுங்க. அவங்க பேரு இன்னா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

கோவிந்தன் தொண்டையைச் செருமினார். "மஞ்சுளாம்மா."

"அது கூப்புடற பேருங்க. சொந்தப் பேரு?"

கோவிந்தன் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். காதைத் தடவினார்.

"அது... ரேசன் கார்டுல கீதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. ஏனென்றால் எனக்கும் தெரியாது. ஒரே தெருவில் குடியிருக்கிறேன், அவர் கையால் எத்தனையோ தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்... அந்தப் பெண்மணிக்குப் பெயர் என்ன? தெரியாது. தெருவுக்கு மஞ்சுளாம்மா. மலைக்குக் கோயிந்தன் வண்டிக்கார அம்மா. வீட்டில்? "ஏம்மே"தான். "ஏம்மே, சாவி எங்க கீது?" "ஏம்மே, போலாமா?" கோவிந்தன் அப்படிக் கூப்பிடுவதைத்தான் நானும் தினம் கேட்டிருக்கிறேன். மனைவிக்குப் புருஷன் பெயரைச் சொல்லத் தடை உண்டு. புருஷனுக்கு ஒரு தடையும் கிடையாது. தடையில்லாததையும் அவர் இத்தனை காலம் செய்யவில்லை. நம்மில் பாதிப் பேர் செய்வதில்லை, இல்லையா?

தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "ஏன், வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீற?"

பாருங்கள் கதையை! இரண்டு ஊர் ஸ்டுடியோவில் ஒரு பெயரை விழுங்கிவிட்டு வந்தவர் கேட்கிறார் இதை!

கோவிந்தன் மைக்குக்குப் பக்கத்தில் போனார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸ்டுடியோக்காரர் ஏதோ குமிழைத் திருகினார். "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா..." மறுபடி சொன்னார். அதற்குள் பஸ் வந்து, கை மேலே போய்விட்டது. நாங்கள் காத்திருந்தோம். வேட்டியை ஒரு தரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டார் மனிதர். பஸ் போனது. கை இறங்கியது.

"பூங்காவனம்!"

திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன ஆளைத் தேடிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஸ்டுடியோக்காரர் கட்டை விரலை உயர்த்தினார். "ஓகேங்க. சூப்பரா வந்திருக்கு."

தடுப்புக்கு அப்பால் போய்ப் பார்த்தேன். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பூங்காவனம். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணா... இன்னொரு தபா சொல்லச் சொல்லுங்க."

"ஏன், சரியா கேக்கலையா?"

"கேட்டிச்சி. நல்லாத்தான் கேட்டிச்சி." ஹெட்போனை இன்னும் அழுத்திக்கொண்டார். "இன்னொரு தபா."

சொல்லச் சொன்னேன். கோவிந்தன் சொன்னார். இந்த முறை பஸ்ஸுக்காகக்கூட நிறுத்தவில்லை. என் கண் கலங்கியது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. பிளாஸ்டிக் குடத்துக்காக அழுத ஒரே எழுத்தாளன் என்று பெயர் வந்தாலும் வரட்டும்.

ஆகவே வாசகர்களே, 'நல்ல ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று யாராவது என்னைக் கேட்டால் இனி மைக்கைப் பற்றியோ பஞ்சுச் சுவரைப் பற்றியோ சொல்ல மாட்டேன். உங்கள் குரல் எங்கே நின்றால் நன்றாக வருகிறது என்று பாருங்கள். அது மெத்தை தொங்கும் அறையாக இருந்தால் அங்கேயே போங்கள், காசும் மிச்சம். ஆனால் அதற்கும் முன்னால், என்ன சொல்லப் போகிறோம், அதைச் சொல்ல வாய் வருமா என்று வீட்டிலேயே ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள். வசனத்தை எழுத்தாளர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த வாரம் அவர்களோடு நானும் மலை ஏறினேன். எழுதியவனுக்கு அரங்கேற்றம் பார்க்க ஆசை இருக்காதா? "பூங்காவனம்" என்று கோவிந்தன் குரலில் ஆரம்பம். தொடர்ந்து "வண்டி வந்தாச்சு! உடையாத கொடம்!" என்று அவருடைய குரல். முதல் ஊரில் கொஞ்ச நேரம் யாரும் இறங்கி வரவில்லை. பூங்காவனம் துணியால் ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த குடத்தையே மறுபடி துடைத்தார்.

பிறகு மேட்டிலிருந்து ஒரு பெண் குரல். "ஏ... கோயிந்தன் வண்டிக்கார அம்மா கொரலுதான அது? பூங்காவனமா உம் பேரு?"

"ஆமா!" என்று இவர் இங்கிருந்து கத்தினார். ஸ்பீக்கரே தேவையில்லாத குரல்.

"நேத்திக்கும் ஒரு வண்டி வந்து கத்திகினு இருந்திச்சி. இனிமே என் கொரலு கேட்டா வாங்குன்னு நீ சொல்லியிருந்தியே, உங்கொரலு இல்ல... புள்ளய அனுப்பல!"

பூங்காவனம் என் பக்கம் திரும்பினார். அந்தக் குடத்தை ஒருவழியாகக் கீழே வைத்தார். அந்தப் பெண் இறங்கி வந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு பேரமும் முறைப்பும் சிரிப்பும் ஆரம்பமாகிவிட்டன. எனக்கு நிற்கக்கூட இடமில்லை.

மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். தண்ணீர் பாட்டில் பூங்காவனத்தின் பக்கம் இருந்தது.

"ஏம்மே, தண்ணி குடு" என்றார் கோவிந்தன்.

பூங்காவனம் காதில் வாங்கிக்கொள்ளவேயில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பேரச் சொல்லிக் கூப்புடு. குடுக்கறேன்."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், வண்டிக்குள் கையை விட்டு ஸ்பீக்கர் சுவிட்சைப் போட்டார்.

"பூங்காவனம்!"

மலை முழுக்கக் கேட்டது. தண்ணீர் வந்தது.